பூங்கா இருக்கிறது, ஆள் இல்லை: புதிதாகக் குழு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பூங்காவுக்கு வேலி இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், துருப்பிடித்த ஊஞ்சலும் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் நான்கைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்துகொண்டிருப்பார்கள். இதை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, புதிய விளையாட்டுக் கருவி கேட்டு மனு கொடுப்பது. கருவி வரும், திறப்பு விழா நடக்கும், ஆறு மாதத்தில் பூங்கா பழையபடி ஆகிவிடும்.

அக்கம்பக்கத்தார் பழகிக்கொள்வது, அதே ஆட்கள் அதே இடத்தில் அதே நேரத்தில் மறுபடி மறுபடி சந்திக்கும்போதுதான். அந்தச் சந்திப்பை ஏற்படுத்துவதும், அது நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை. உள்ளாட்சியின் பூங்கா ஒன்றில் வாராந்திர நிகழ்ச்சி தொடங்கி, அதை ஓராண்டு தாங்கவைக்க நினைக்கும் சிறு குழுவுக்காக எழுதியது இது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

1. மனு எழுதும் முன் எண்ணுங்கள்

பூங்காவுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். பூங்கா ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சோபார்க் என்ற முறை இதற்குக் கைகொடுக்கும். பூங்காவை ஒரே பார்வையில் அடங்கும் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கருவிப் பகுதி, புல்வெளி, நடைபாதையின் ஒரு பக்கம், வாசல் பெஞ்சுகள் என்று. ஒவ்வொரு பகுதியிலும் நின்று, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே வீச்சில் பார்த்து எண்ணுங்கள். ஆணா பெண்ணா, குழந்தை, பதின்வயது, பெரியவர், முதியவர் இவற்றில் எது, உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா, ஓடியாடுகிறாரா. குறிக்க வேண்டியது இவ்வளவுதான். பெயர் வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம்.

வாரத்தில் 4 நாள், நாளுக்கு 4 முறை: காலை, நண்பகல், பிற்பகல், மாலை. நான்கில் ஒரு நாளாவது விடுமுறையாக இருக்கட்டும். 2 வாரம் செய்தால் 32 சுற்று எண்ணிக்கை கையில் இருக்கும். மழை பெய்த நாளை விட்டுவிடாதீர்கள். ‘மழை’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு எண்ணுங்கள். நிழற்கூரை கேட்கும்போது அந்த நாளின் எண்தான் பேசும்.

அடுத்து, வராதவர்கள். பூங்காவுக்குள் நின்று கருத்துக் கேட்டால் ஏற்கெனவே வருபவர்களின் கருத்துதான் கிடைக்கும். இந்தத் தப்பைச் செய்யாத குழு குறைவு. பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், மருந்துக்கடை வாசல் என்று வெளியே நின்று ஒரு 40 பேரிடம் பேசுங்கள். ‘பூங்காவில் என்ன வேண்டும்?’ என்று கேட்காதீர்கள், நீச்சல்குளம் என்பார்கள். ‘போன வாரம் கையில் கொஞ்சம் நேரம் இருந்தபோது எங்கே போனீர்கள், எத்தனை மணிக்கு, யாரோடு?’ என்று கேளுங்கள். கடைசியாக, ‘பூங்காவுக்கு ஏன் போகவில்லை?’ கழிப்பறை, வெளிச்சம், தெருவைக் கடப்பது, நிழலில் உட்கார இடம்: பதில்கள் பெரும்பாலும் இந்த நான்கைச் சுற்றியே வரும்.

மூன்றாவது வேலை கால்நடையாகச் செய்ய வேண்டியது. வீட்டிலிருந்து நேர்க்கோட்டில் 300 மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 5 நிமிட நடையில், குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமையிடம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லும் பொது அளவு. வரைபடத்தில் 300 மீட்டர் வட்டம் போடுவது சுலபம். அந்த வட்டத்துக்குள் பெரிய சாலையோ ரயில் தண்டவாளமோ ஓடினால் அந்தப் பக்கத்து வீடுகள் உங்கள் பூங்காவுக்கு இல்லாத வீடுகள்தான். 8 வயதுக் குழந்தை ஒன்றோடும் கைத்தடி ஊன்றி நடப்பவர் ஒருவரோடும் தனித்தனியாக நடந்துபார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் செலவழிக்க வைத்திருந்த பணம் வாசலுக்கு எதிரே ஒரு நடைக்கடவை கேட்பதில் முடியலாம். முடிந்தால் நல்லதுதான்.

2. நிலம் யாருடையது, சாவி யாரிடம்

இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. நிலம் ஒரு துறையின் பெயரில், பராமரிப்பு வேறொரு பிரிவின் கையில், மின்விளக்கு மூன்றாவதின் பொறுப்பில், சாவி ஒப்பந்தக்காரரின் காவலாளியிடம். மனுவைத் தவறான மேசையில் கொடுத்தால் அது திரும்பி வராது, அங்கேயே தூங்கும். முதல் நாளே ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள்: நில உரிமை, பராமரிப்பு, விளக்கு, தண்ணீர், வாயில். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான பிரிவு எது, முடிவெடுக்கும் பதவி எது என்று நிரப்புங்கள். நிரப்ப முடியாத வரி எதுவோ அதில்தான் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

அனுமதியிலும் வகை உண்டு. ஒரு நாள் நிகழ்ச்சிக்கான அனுமதி ஒன்று. வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட மாதங்களுக்கு என்று தரும் பயன்பாட்டு அனுமதி இன்னொன்று. செடி நடுவது, பெஞ்ச் போடுவது, பெட்டகம் வைப்பது என்று நிலத்தில் கைவைக்கப் பராமரிப்பு ஒப்பந்தம் தனியாக வேண்டும். புதியவர்கள் நேராக மூன்றாவதைக் கேட்பார்கள்; அதில் சட்டப்பிரிவின் கருத்து தேவைப்படுவதால் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவதைக் கேளுங்கள். 12 வாரம் ஒழுங்காக நடத்திக் காட்டிய குழுவுக்கு மூன்றாவது எளிதாகக் கிடைக்கும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன நிகழ்ச்சி, எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், பூங்காவின் எந்த மூலை, ஒலிபெருக்கி உண்டா இல்லையா, முடிந்ததும் யார் சுத்தம் செய்வார், தொடர்புக்கு இருவர் யார். இதோடு மூன்று இணைப்புகள்: இடத்தைக் குறித்த வரைபடம், எண்ணிக்கைத் தாளின் சுருக்கம், குழு உறுப்பினர் பட்டியல்.

பெரிய வார்த்தை எதுவும் மனுவில் தேவையில்லை. மேலதிகாரிக்குக் கோப்பை அனுப்ப ஒரு காரணம் வேண்டும் என்று எழுத்தர் கேட்டால் இரண்டு வரி போதும். 2030-க்குள் எல்லாருக்கும், குறிப்பாகப் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதுகாப்பான பசுமைப் பொதுவெளி கிடைக்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11.7-ஆவது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடல் உழைப்பும், 5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. முதலாவது பூங்காப் பிரிவுக்கு, இரண்டாவது சுகாதாரப் பிரிவுக்கு.

3. குழு சிறியதாக இருக்கட்டும்

5 முதல் 7 பேர். அதற்கு மேல் போனால் கூட்டம் கூட்டுவதே வேலையாகிவிடும். மூன்று பொறுப்புகளைப் பெயர் போட்டு ஒதுக்குங்கள்: அனுமதியும் கடிதப் போக்குவரத்தும் ஒருவர், பணம் ஒருவர், நிகழ்ச்சி நாளன்று பூங்காவில் நிற்பவர் ஒருவர். மூன்றுக்கும் மாற்று ஆள் முதல் நாளே வேண்டும்.

பூங்காவின் தோட்டக்காரரையும் காவலாளியையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த மூலையில் மழைத்தண்ணீர் தேங்கும், யார் எப்போது வந்து யாரோடு சண்டை போடுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். உங்கள் நிகழ்ச்சி அவர்கள் வேலையைக் கூட்டும் என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். முன்கூட்டிப் பேசி, குப்பையை நீங்களே எடுப்பதாகச் சொல்லிவிட்டால் பாதித் தடை விலகும்.

வங்கிக் கணக்கு குழுவின் பெயரில், இருவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒருவரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கத் தொடங்கினால், அந்த மனிதர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஓராண்டுக்குள் பேச்சு வரும்.

4. ஒரே ஒரு நிகழ்ச்சி, 12 வாரம்

தொடங்கும்போது நான்கு நிகழ்ச்சி அறிவிப்பது இயல்பான ஆசை: காலை உடற்பயிற்சி, மாலை சிறுவர் விளையாட்டு, வார இறுதியில் வாசிப்பு, மாதம் ஒருமுறை இசை. நான்கையும் நடத்த ஆள் இருக்காது. ஒன்று ரத்தாகும். ‘அங்கே சொன்னபடி நடக்காது’ என்ற பேச்சு பரவ ஒரே ஒரு ரத்து போதும்.

ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமை, நேரம், இடம் மூன்றும் 12 வாரத்துக்கு மாறவே கூடாது. 2004 அக்டோபர் 2-ஆம் நாள் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியதுதான் பார்க்ரன் என்ற வாராந்திரப் பூங்கா ஓட்டம். 5 கிலோமீட்டர், காலை நேரம், கட்டணம் இல்லை, நடத்துபவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். வாராவாரம் அதே அமைப்பு. இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது ஓட்டமில்லை. புதிதாக வருபவர் யாரையும் கேட்காமல் வந்து நின்றுவிடலாம். ஓட முடியாதவர் நேரம் குறிக்கலாம், வழிகாட்டி நிற்கலாம். ஏதாவது ஒரு வேலை எல்லாருக்கும் இருக்கிறது.

உங்கள் நிகழ்ச்சியையும் அப்படி அமையுங்கள். 90 நிமிடம் என்று வைத்தால் முதல் 15 நிமிடம் வந்து சேர, 50 நிமிடம் நிகழ்ச்சி, கடைசி 25 நிமிடம் சும்மா இருக்க. அந்தக் கடைசி 25 நிமிடத்தை வெட்டாதீர்கள். பயிற்சியாளர் முடித்ததும் எல்லாரும் கலைந்தால் அது வகுப்பு. உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் வைத்தால் நின்று பேசுவார்கள். பாய் சுருட்டுவது, கூம்புகளை எடுத்துவைப்பது போன்ற சில்லறை வேலைகளை அந்த நேரத்துக்கு வேண்டுமென்றே மிச்சம் வையுங்கள். கையில் வேலை இருந்தால் கூச்சமுள்ளவரும் பேச்சில் சேர்ந்துவிடுவார்.

எந்த நிகழ்ச்சி? 1-ஆம் படியில் எண்ணிய தாளைப் பாருங்கள். பெரியவர்கள் குழந்தையைக் கூட்டிவந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் மணி ஒன்று அதில் தெரியும். தொடங்கச் சிறந்த நேரம் அதுதான். ஆள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். குழந்தைகள் விளையாடும்போது பெரியவர்களுக்கு 20 மீட்டர் தள்ளி, பார்வைக்குள்ளேயே, நடையோ எளிய உடற்பயிற்சியோ வையுங்கள். குழந்தைக்கு மட்டும் நிகழ்ச்சி வைத்து, கூட்டிவந்தவரை வேலிக்கு வெளியே நிறுத்துவது கைக்கு வந்ததை நழுவவிடுவது.

பதின்வயதுப் பெண்பிள்ளைகளைத் தனியாக யோசிக்க வேண்டும். வியன்னாவில் 1990களில் நடந்த ஆய்வில், 9 வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதும் பையன்கள் வருவது குறையாததும் தெரிந்தது. ஒரே பெரிய திறந்தவெளியை யார் பலமாகப் பிடித்துக்கொள்கிறார்களோ அவர்களிடம் அது போய்விடுகிறது, சிறுமிகள் போட்டியிடாமல் விலகிவிடுகிறார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களை அந்த நகரம் மாற்றியமைத்தது: கூடுதல் பாதைகள், வாலிபால், பாட்மிண்டன் ஆடும் இடங்கள், பெரிய வெளியைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரிக்கும் செடிகள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். நீங்கள் கட்டுமானம் எதுவும் செய்ய வேண்டாம். பந்து ஆடும் வெளியை நடுவில் கூம்பு வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். அந்த ஒரு மணியைக் காவலாளியும் அறிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே கூம்பு காணாமல் போகும்.

கவனம்: முதல் வாரக் கூட்டத்தை நம்பாதீர்கள். முதல் வாரம் வேடிக்கை பார்க்க வருவார்கள், மூன்றாவது வாரம் பாதியாகும், ஐந்தாவது வாரம் ஆறேழு பேர் நிற்பார்கள். அந்த ஆறேழு பேர்தான் நிகழ்ச்சி. பதறி நேரத்தை மாற்றுவதும் நிகழ்ச்சியை மாற்றுவதும் அவர்களையும் துரத்திவிடும்.

5. பணம்: வாங்குவதைவிடப் பராமரிப்புக்கு

தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒருமுறைச் செலவு: பந்து, பாய், கூம்பு, முதலுதவிப் பெட்டி, பூட்டுள்ள பெட்டகம், அறிவிப்புப் பலகை. வலப்பக்கம் வாராவாரச் செலவு: பயிற்சியாளர் ஊதியம், தண்ணீர், கழிப்பறைச் சுத்தம், காப்பீட்டுத் தவணை, அச்சு, உடைந்ததை மாற்ற ஒரு தொகை. இடப்பக்கத்துக்கு நன்கொடை எளிதாகக் கிடைக்கும். அதில் பெயர் பொறிக்கலாம். வலப்பக்கத்துக்கு யாரும் தரமாட்டார்கள். நிகழ்ச்சி நின்றுபோவது வலப்பக்கத்தால்தான். ஆகவே வலப்பக்கத்தின் 12 வாரத் தொகை கணக்கில் வந்த பிறகே தேதி அறிவியுங்கள்.

யாராவது உடற்பயிற்சிக் கருவியோ ஊஞ்சலோ இலவசமாகத் தருவதாகச் சொன்னால், எழுத்தில் ஒரு கேள்வி: மூன்றாம் ஆண்டில் இதன் தாங்கி தேய்ந்தால் மாற்றுவது யார், உதிரி எங்கே கிடைக்கும்? பதில் இல்லையென்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். உடைந்து கயிறு கட்டிக் கிடக்கும் கருவி, ‘இங்கே கேட்க ஆளில்லை’ என்று வாசலிலேயே சொல்லிவிடும்.

அரசு மானியத்தில் ஒரு சிக்கல்: பல திட்டங்களில் நீங்கள் முதலில் செலவழித்து, ரசீது கொடுத்த பிறகே பணம் வரும். ஒப்புக்கொள்ளும் முன் ‘முன்பணம் உண்டா?’ என்று கேளுங்கள். இல்லையென்றால் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருக்க வேண்டும். ரசீது குழுவின் பெயரில் இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்காது. கடைக்காரரிடம் அப்போதே திருத்தி வாங்குங்கள்.

கட்டணம் வைக்கலாமா என்று நிச்சயம் கேட்பார்கள். சிறு தொகைதானே என்று தோன்றும். அந்தச் சிறு தொகைக்காக வராமல் போகிறவர் யார் என்பது உங்கள் பதிவேட்டில் ஒருபோதும் தெரியாது. முதல் 12 வாரம் வேண்டாம்.

உள்ளாட்சியின் வரவு செலவில் இடம் பிடிக்க வேண்டுமானால் நிதியாண்டு தொடங்க 4 முதல் 6 மாதம் முன்பே கடிதம் போயிருக்க வேண்டும். நிதியாண்டின் கடைசி இரண்டு மாதங்கள் வேறு கதை: செலவாகாத பணம் எங்காவது மிச்சம் இருக்கும், உடனடியாக விலைப்புள்ளி கேட்பார்கள். மூன்று விலைப்புள்ளிகளைத் தயாராகக் கோப்பில் வைத்திருந்த குழுவுக்கு அப்போது பெஞ்ச் கிடைக்கும்.

6. எதைச் சரிசெய்யக் கேட்பது

வரிசை முக்கியம். கழிப்பறை, நிழலில் இருக்கை, பாதை, வெளிச்சம், அதன் பிறகு கருவி.

கழிப்பறை திறந்திருக்கும் நேரம் நிகழ்ச்சி நேரத்தோடு பொருந்துகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பலகையில் இருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். முதியவரும் சிறு குழந்தையோடு வருபவரும் பூங்காவில் எவ்வளவு நேரம் தங்குவார்கள் என்பதை அந்தப் பூட்டுதான் முடிவு செய்கிறது.

இருக்கையின் உயரம் 43 முதல் 48 செ.மீ. முதுகுச் சாய்வும் கைப்பிடியும் வேண்டும். கைப்பிடி இல்லாமல் முழங்கால் வலி உள்ளவர் எழ முடியாது. பெஞ்சுக்குப் பக்கத்தில் 75 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்தில் சமதளம் விட்டால் சக்கர நாற்காலியில் வருபவரும் பேச்சில் பக்கவாட்டில் உட்காரலாம். பெஞ்சுகளை நேர்வரிசையில் போடச் சொல்லாதீர்கள். ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டு போட்டால் முன்பின் தெரியாதவர்களுக்கும் பேச்சுத் தொடங்கும், பேசப் பிடிக்காதவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம். ஒதுக்குப்புறத்தில் போட்ட பெஞ்சைவிட ஆள் நடமாட்டத்தின் ஓரத்தில் போட்டதுதான் நிரம்பும். அமைதிக்காக என்று மூலையில் போட்டவை காலியாகவே கிடக்கும்.

பாதையின் சரிவு 20-க்கு 1-க்கு மேல் போகக் கூடாது. சாய்தளம் தேவையான இடத்தில் 12-க்கு 1 உச்சம். அதாவது 50 செ.மீ. ஏற 6 மீட்டர் நீளம் வேண்டும். ‘இடமில்லை’ என்று செங்குத்தாகக் கட்டிக் கொடுப்பது வாடிக்கை. அந்தச் சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது, குழந்தைகள் சறுக்குவார்கள். இருசக்கர வண்டியைத் தடுக்க வாசலில் நடும் கம்பங்களுக்கு இடையே 90 செ.மீ. விடச் சொல்லுங்கள்.

விளக்கு விஷயத்தில் புல்வெளி நடுவே ஒரு பெரிய விளக்கு கேட்காதீர்கள். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிட, சுற்றியிருக்கும் இடம் இன்னும் இருண்டுபோகும். பாதை நெடுக, வாசலைத் தாண்டித் தெருவரை, ஒரே சீராகக் கேளுங்கள்.

கருவிப் பகுதியில் கவனிக்க வேண்டியது கருவியைவிடக் கீழே இருக்கும் தரை. சிமெண்ட், தார், இறுகிய மண், புல் எதுவும் விழுகையைத் தாங்காது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி மரச்சீவல் 23 செ.மீ. ஆழத்தில் 3 மீட்டர் உயர விழுகை வரை தாங்கும். மணல் அதே ஆழத்தில் 1.2 மீட்டர் வரைதான். இவை அமுங்கும் பொருட்கள் என்பதால் 23 செ.மீ. நிற்க வேண்டுமானால் முதலில் 30 செ.மீ. கொட்ட வேண்டும். ஊஞ்சலுக்குக் கீழும் சறுக்குமரத்தின் முடிவிலும் கால்பட்டுப் பள்ளம் விழும். வாரம் ஒருமுறை வாரிச் சமப்படுத்த ஆள் பெயர் எழுதியிருக்க வேண்டும். கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் தடையில்லாத வெளி. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், தொங்கும் புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்கு. 9 செ.மீ.-க்கும் 23 செ.மீ.-க்கும் இடைப்பட்ட சந்துகள் ஆபத்து: உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஒரு அளவுநாடாவோடு அரை மணி நேரம் சுற்றினால் இவ்வளவையும் பார்த்துவிடலாம்.

மரம் நடுவது எல்லாருக்கும் பிடித்த நிகழ்ச்சி. தண்ணீர் ஊற்றுவதுதான் யாருக்கும் பிடிக்காது. முதல் 2, 3 ஆண்டு ஊற்ற யாரென்று எழுதாமல் நடாதீர்கள். கன்றைச் சுற்றி மண்ணின்மேல் பரப்பும் இலைதழை மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. போதும், தண்டைத் தொடாமல் விலக்கிப் போடுங்கள். தண்டைச் சுற்றிக் குவித்தால் பட்டை அழுகும். 50 கன்று நட்டு 45 சாவதைவிட 6 நட்டு 6 பிழைப்பது மேல்.

7. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

அனுமதிக் கடிதத்தின் நகல் நிகழ்ச்சி நாளன்று பையில் இருக்கட்டும். யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் முதல் வாரமே. நிகழ்ச்சியால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடு தேவையா என்று அனுமதி தரும் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். உள்ளாட்சியின் காப்பீடு உங்கள் நிகழ்ச்சிக்கும் பொருந்தும் என்று வாயால் சொல்வது விபத்துக்குப் பிறகு உதவாது.

விபத்துப் பதிவேடு ஒன்று, கோடு போட்ட சாதாரண நோட்டு போதும்: தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, என்ன செய்தோம், யார் பார்த்தார். முழங்கால் சிராய்ப்பையும் எழுதுங்கள். ஒரே இடத்தில் நான்கு சிராய்ப்பு வந்தால் அங்கே தரையில் கோளாறு என்று அந்த நோட்டுதான் காட்டும்.

குழந்தைகள் இருக்கும் நிகழ்ச்சியில் எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது; எப்போதும் இருவர். தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்க்க உங்கள் இடத்தின் சட்டம் என்ன கேட்கிறதோ அதை முடித்த பிறகே பொறுப்புக் கொடுங்கள். சான்று வரத் தாமதமாகும் என்பதால் இதை முதல் மாதமே தொடங்க வேண்டும். படம் எடுப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் தனித்தாளில். வருகைப் பதிவோடு சேர்த்து ஒரே கையெழுத்தில் முடிக்காதீர்கள்.

8. காலக்கணக்கு

முதல் 2 வாரம் எண்ணிக்கை. 3, 4-ஆம் வாரம் வெளியாட்களிடம் பேச்சு, குழு. 5-ஆம் வாரம் மனு, அதே வாரம் காப்பீட்டு விசாரணையும் வங்கிக் கணக்கும். அனுமதிக்கு 6 முதல் 8 வாரம் ஒதுக்குங்கள். 10 நாளுக்கு ஒருமுறை நேரில் போய், கோப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அனுமதி கைக்கு வரும் முன் அறிவிப்பு அச்சடிக்க வேண்டாம். 14-ஆம் வாரம் வாக்கில் முதல் நிகழ்ச்சி நடக்கும், 25-ஆம் வாரத்தில் முதல் சுற்று முடியும். கொளுத்தும் வெயில், தொடர்மழை, தேர்வுக் காலம் மூன்றும் அந்த 12 வாரத்துக்குள் விழாதபடி பின்னோக்கிக் கணக்கிட்டு எண்ணிக்கையைத் தொடங்குங்கள்.

9. சச்சரவு வரும்

நடப்பவருக்கும் பந்து ஆடுபவருக்கும், நாயோடு வருபவருக்கும் குழந்தையோடு வருபவருக்கும், சத்தத்துக்காகப் பக்கத்து வீட்டாருக்கும். தடைப்பலகை மாட்டுவது கைக்கு எட்டிய முதல் தீர்வு. அது ஒரு கூட்டத்தை வெளியேற்றித்தான் தீர்க்கும். முதலில் நேரத்தைப் பங்கிடுங்கள், அடுத்து இடத்தை. பங்கீட்டைப் பேசி முடிக்க இரு தரப்பிலிருந்தும் இருவர் இருவராக, பூங்காவிலேயே, சண்டை நடந்த இடத்திலேயே நின்று பேசுவது அலுவலக மேசையில் பேசுவதைவிடச் சீக்கிரம் முடியும். முடிவை ஒரு வரியில் எழுதிப் பலகையில் போடுங்கள்: ‘மாலை 5 முதல் 6 வரை இந்தப் பாதி சிறுவர்களுக்கு.’ காரணம், வேண்டுகோள், எச்சரிக்கை எதுவும் வேண்டாம்.

இன்னொரு சச்சரவு உள்ளிருந்து வரும். ஓராண்டு உழைத்த குழு பூங்காவைத் தன் சொத்தாக நினைக்கத் தொடங்கும். ‘நம் நிகழ்ச்சி நடக்கும்போது மற்றவர்கள் இருக்கக் கூடாது’ என்ற பேச்சு எழுந்தால் அன்றே நிறுத்துங்கள். அனுமதி உங்களுக்குத் தந்தது ஒரு மூலையும் 90 நிமிடமும்தான்.

10. 12 வாரம் முடிந்ததும்

அதே பகுதிகளில், அதே மணிகளில், அதே தாளில் மறுபடி எண்ணுங்கள். நிகழ்ச்சி இல்லாத நாட்களின் எண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; நிகழ்ச்சிக்கு வந்தவர் சும்மா இருக்கும் நாளிலும் வருகிறாரா என்று அவை காட்டும். வருகைப் பதிவில் மொத்தத்தை விட்டுவிட்டு, 12-இல் 6 வாரமாவது வந்தவர் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்களில் பத்துப் பேரிடம் ஒரே கேள்வி: ‘இங்கே வந்த பிறகு பெயர் தெரிந்துகொண்டவர்கள் யார் யார்?’ எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று எண்களோடு ஒரு பக்க அறிக்கை, அனுமதி தந்த பிரிவுக்கும் பணம் தந்தவருக்கும் இரண்டு வாரத்துக்குள் போக வேண்டும். அடுத்த சுற்று அனுமதி மனுவையும் அதோடே இணைத்துவிடுங்கள்.

அடுத்த சுற்றின் மூன்றாவது வாரம், பூங்காவில் வழக்கமாக நிற்பவர் யாரிடமும் சொல்லாமல் வீட்டில் இருந்துவிடட்டும். மாற்று ஆள் பெட்டகத்தைத் திறந்து பாய் விரித்து, சொன்ன மணிக்குத் தொடங்கினாரா என்று மறுநாள் தோட்டக்காரரிடம் கேளுங்கள். தொடங்கவில்லையென்றால் இரண்டாவது நிகழ்ச்சியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். மாற்று ஆளிடம் சாவி இருந்ததா என்று விசாரியுங்கள், பெரும்பாலும் இருந்திருக்காது.